பேட், பந்து, ஷட்டில் விலை எப்படி அமைகிறது? கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் விளையாட்டுப் பொருள் கடை வைத்திருக்கிறேன். வாங்க வருபவர்கள் பொருளைப் பற்றிக் கேட்பதைவிட விலையைப் பற்றிக் கேட்பதுதான் அதிகம். கல்லாவில் ஆள் நிற்கும்போது பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். கணக்குப் போட்டுக் காட்டும் இடங்களில் வரும் ரூபாய்த் தொகைகள் புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. கடைக்குக் கடை மாறும். வரி விகிதங்கள் மட்டும் உள்ளது உள்ளபடி.

அண்ணே, இந்த பேட் உங்களுக்கு என்ன விலைக்கு வருது? நேராச் சொல்லுங்க.

2,100 ரூபாய்க்கு விற்கும் ஒரு காஷ்மீர் வில்லோ பேட்டை எடுத்துக்கொள்வோம். இதில் 100 ரூபாய் ஜிஎஸ்டி. மீதி 2,000. விநியோகஸ்தருக்கு நான் கொடுப்பது 1,400. பார்சல் சர்வீஸ், இறக்குகூலி சேர்த்து 50. பேட் அலமாரியில் ஏறும்போதே 1,450 ஆகிவிட்டது. மிச்சமிருக்கும் 550-ஐப் பார்த்துத்தான் "கால்வாசிக்கு மேல லாபமா!" என்கிறார்கள்.

அந்த 550-ல் கடை வாடகை, வேலை பார்க்கும் பையன்கள் சம்பளம், கரன்ட் பில், ஆடிட்டர் எல்லாவற்றுக்கும் இந்த பேட்டின் பங்கு 300 என்று வையுங்கள். பேட் ஆறு மாதம் அலமாரியில் நின்றால், 12 சதவீத வட்டிக்கு வாங்கிய பணத்தில் 1,400-க்கு வட்டி 84. சில பேட்கள் விற்கவே விற்காமல் நின்று, கடைசியில் வந்த விலைக்குப் போகும். அந்த நட்டத்துக்கு ஒரு பேட்டுக்கு 60 ஒதுக்க வேண்டும். கையில் நிற்பது 106.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வட்டியும் தேங்கும் சரக்கின் நட்டமும் சேர்ந்து 144. என் லாபத்தைவிட அது அதிகம். விளையாட்டுப் பொருள் வியாபாரத்தில் மரத்துக்கும் தோலுக்கும் கடைச் செலவுக்கும் அடுத்தபடியாக நீங்கள் பணம் கொடுப்பது, அந்தப் பொருள் உங்களுக்காகக் காத்து நின்ற காலத்துக்குத்தான். கீழே வரும் பல பதில்கள் இங்கேதான் வந்து சேரும்.

ரெண்டும் பேட்தான். ஒண்ணு 2,000, இன்னொண்ணு 20,000. அப்படி என்ன இருக்கு அதுல?

மரம். இரண்டாவது பேட் இங்கிலீஷ் வில்லோ. இங்கிலாந்தில் எசெக்ஸ், சஃபோக் பக்கம் ஈரமான நிலங்களில் இதற்கென்றே நட்டு வளர்க்கிறார்கள். நட்ட மரம் வெட்டுக்கு வர 15 முதல் 20 ஆண்டு ஆகும். வெட்டி, பேட் நீளத்துக்குத் துண்டாக்கி, பிளந்து, முனைகளில் மெழுகு பூசிக் காயவைத்து, தரம் பிரித்துக் கப்பலில் அனுப்புகிறார்கள். பேட் செய்யும் ஊர்களான மீரட்டுக்கும் ஜலந்தருக்கும் வந்தபின் மறுபடி காயவைக்கிறார்கள். அப்புறம்தான் மரத்தை அழுத்தி இறுக்கும் பிரஸ்ஸில் ஏறுகிறது. மரத்துக்கான பணம் பவுண்டில் போகிறது. ரூபாய் இறங்கினால் மரம் மாறாமலே விலை ஏறும்.

காஷ்மீர் வில்லோ அனந்தநாக் மாவட்டத்திலிருந்து வருகிறது. ஜம்மு நெடுஞ்சாலையில் சங்கம் என்ற ஊரைத் தாண்டியவர்கள் சாலையோரம் அடுக்கிவைத்திருக்கும் பேட்களைப் பார்த்திருப்பார்கள். அந்த மரம் அடர்த்தி கூடியது. அதே அளவில் செய்தால் பேட் கனக்கும். பந்து பாய்வது கொஞ்சம் குறையும். ஆனால் உழைக்கும். பள்ளிப் பையனுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரருக்கும் அது போதும்.

இங்கிலீஷ் வில்லோவுக்குள்ளும் கிரேடு 1, 2, 3 என்று விலை இறங்கும். இந்தத் தரம் பெரும்பாலும் பார்வைக்குப் பிரிப்பது: ரேகை நேராக இருக்கிறதா, மரம் வெளுப்பாக இருக்கிறதா, கறை இருக்கிறதா என்பதுதான். பட்டாம்பூச்சிக் கறை என்று பழுப்பாகச் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். அதனால் பேட் அடிக்காமல் போவதில்லை. கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து நல்ல கிரேடு 3 வாங்குகிறவர் அழகுக்கான பணத்தை மிச்சம் பிடிக்கிறார். நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்.

எல்லாம் மீரட், ஜலந்தர்னே சொல்றீங்க. நம்ம ஊர்ல செஞ்சா லாரி வாடகை மிச்சமாகாதா?

லாரி வாடகை மிச்சமாகும், மற்றதெல்லாம் ஏறும். இந்தத் தொழிலின் பழைய ஊர் சியால்கோட். 1947 பிரிவினையில் அந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போனது. அங்கிருந்து வந்த கைவினைஞர்களும் முதலாளிகளும் ஜலந்தரிலும் மீரட்டிலும் குடியேறினார்கள். டெஸ்ட் பந்து செய்யும் எஸ்ஜி கம்பெனி 1931-ல் சியால்கோட்டில் தொடங்கியதுதான். இன்று மீரட்டில் இருக்கிறது.

அந்த ஊர்களில் கைப்பிடிக்குப் பிரம்பு ஒட்டுகிறவர், தோல் பதனிடுகிறவர், பந்து தைக்கிறவர், ஸ்டிக்கர் அச்சடிக்கிறவர், பிரஸ் ரிப்பேர் பார்க்கிறவர் எல்லோரும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். ஒரு சாமான் தீர்ந்தால் சைக்கிளில் போய் வாங்கி வரலாம். இங்கே தனியாக ஒரு பட்டறை போட்டால் அத்தனையும் முன்கூட்டியே வாங்கிக் குவிக்க வேண்டும். மீரட்டிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் வரும் லாரியில் ஒரு பேட்டுக்கு விழும் வாடகை முதல் பதிலில் சொன்ன மாதிரி சின்னத் தொகைதான். ஒற்றை பேட்டைக் கூரியரில் வரவழைத்தால்தான் அது வலிக்கும்.

சின்னப் பையன் பேட்ல மரம் பாதிதான் இருக்கு. விலை ஏன் பாதியா இல்ல?

கைப்பிடி பொருத்துவது, பிரஸ் போடுவது, இழைப்பது, நூல் சுற்றுவது, கிரிப் போடுவது எல்லாம் பெரிய பேட்டுக்கு எத்தனை வேலையோ சின்ன பேட்டுக்கும் அத்தனை. மரம் மட்டும் குறைகிறது.

அப்புறம் அளவு. 1 முதல் 6 வரை, 6-க்கும் முழு அளவுக்கும் நடுவில் வரும் ஹாரோ, முழு அளவு என்று எட்டு அளவு உண்டு. முழு அளவு வாரம்தோறும் போகும். 3-ம் நம்பர் எப்போதாவதுதான் போகும். ஆனால் அந்த நம்பர் கேட்டு ஒரு அப்பா பையனோடு வரும்போது இல்லை என்று சொல்லக் கூடாது. அதனால் வைத்திருக்கிறோம், அது காத்திருக்கிறது. இடதுகை ஆட்டக்காரர் காலில் கட்டும் பேடு, அவருடைய கிளவுஸ், 11-ம் நம்பர் ஸ்பைக்ஸ் ஷூ எல்லாவற்றுக்கும் இதே கதை.

ஷட்டில் விலை வருஷா வருஷம் ஏறுதே, யார் ஏத்துறா?

இப்போது கடையில் அதிகம் கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி இதுதான். கோபம் நியாயம், ஏனென்றால் ஷட்டில் திரும்பத் திரும்ப வாங்க வேண்டிய பொருள்.

ஒரு இறகு ஷட்டிலைக் கையில் எடுத்து எண்ணிப் பாருங்கள்: 16 இறகு. கூஸ் என்கிற பெரிய வாத்தின் சிறகிலிருந்து வருவது நல்ல ஷட்டில். சாதாரண வாத்தின் இறகில் செய்வது அடுத்த தரம். 16-ம் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்திருக்க வேண்டும்; இடமும் வலமும் கலந்தால் பறக்கும்போது ஆடும். சிறகில் நேரான, தடிமன் சரியான இறகுகள் சிலதான் தேறும். அவற்றைக் கழுவி, வெட்டி, வளைவு பார்த்துப் பிரித்து, கார்க்கில் ஊன்றி, நூல் கட்டிப் பசை போட்டு, எடை 4.74 கிராமிலிருந்து 5.50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும். இவ்வளவும் செய்த பொருள் நல்ல ஆட்டக்காரர்கள் கையில் ஒரு கேமுக்குள் கிழிகிறது.

இறகு யாரும் தனியாக விளைவிப்பதில்லை. கறிக்காக வளர்க்கும் பறவையின் உபபொருள் அது. உலகத்துக்கு இறகு கொடுப்பது பெரும்பாலும் சீனா. அங்கே வாத்துக்கறி சாப்பிடுவது குறைந்து, பண்ணைகள் வேறு பக்கம் திரும்பியதால், 2024, 2025-ல் இறகுக்குத் தட்டுப்பாடு வந்து பெரிய கம்பெனிகள் எல்லாம் விலையை ஏற்றின. ஷட்டிலுக்கு கிராக்கி இருக்கிறது என்பதற்காக யாரும் கூடுதலாக வாத்து வளர்க்க மாட்டார்கள். அதனால் இந்த விலை சீக்கிரம் இறங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நம் நாட்டில் ஷட்டில் செய்யும் ஊர் மேற்கு வங்கத்தின் உலுபேரியா. அங்கேயும் இறகுதான் பிரச்சினை.

கடைக்காரனுக்கு இன்னொரு செலவும் உண்டு. ஷட்டில் டப்பாவில் வேக எண் போட்டிருக்கும். வெயில் ஊரில் காற்று இலேசு, ஷட்டில் தூரம் போகும். அதனால் நமக்கு மெதுவான எண் வேண்டும். குளிர் ஊருக்கான எண் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிப் போட்டால் திருச்சியில் யாரும் தொட மாட்டார்கள். நல்ல எண்ணே ஆனாலும் நாள்பட்டால் இறகு காய்ந்து முறியும்.

அப்ப நைலான் ஷட்டிலே வாங்கிடலாமா?

பொழுதுபோக்குக்கு ஆடினால் தாராளமாக. டப்பா விலையை விடுங்கள். ஒரு மணி நேர ஆட்டத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். நைலான் பல நாள் வரும். போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு மட்டும் இறகு வேண்டும். பறக்கும் விதமே வேறு, பழக்கம் கெட்டுவிடும்.

ஜிஎஸ்டி 12-லருந்து 5 ஆயிருச்சு. ஆனா விலை 7 சதவீதம் குறையலையே?

2025 செப்டம்பர் 22 முதல் பேட், பந்து, ராக்கெட், கேரம் போர்டு எல்லாம் 12-லிருந்து 5 சதவீதத்துக்கு வந்தது உண்மை. ஆனால் கணக்கு 7 வராது. வரிக்கு முன் 100 ரூபாய்ப் பொருள் அப்போது 112, இப்போது 105. குறைந்தது 112-ல் 7 ரூபாய், அதாவது 6.25 சதவீதம். 2,240-க்கு விற்ற பேட் 2,100-க்கு வர வேண்டும்.

அதற்குக் கீழே யாரும் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் அந்த அளவுக்காவது குறைந்திருக்க வேண்டும். "பழைய சரக்கு, 12 கட்டி வாங்கினது" என்று சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள். கொள்முதலில் கட்டிய வரியை நாங்கள் அடுத்தடுத்துக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிறோம். பெட்டியில் பழைய ஸ்டிக்கர் இருந்தாலும் பில்லில் 5 தான். சில பொருள்களில் குறைவு தெரியாமல் போனதற்குக் காரணம், அதே சமயத்தில் மூலப்பொருள் ஏறியது. ஷட்டில் அதற்கு உதாரணம்.

அப்ப டிரெட்மில்லுக்கு ஏன் 18 போட்டீங்க?

உடற்பயிற்சிக் கருவிகள் வேறு தலைப்பில் வருகின்றன. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது 28 சதவீதம், அந்த ஆண்டு நவம்பரிலேயே 18 ஆனது. 2025-ல் அது குறையவில்லை. ஒரே கடை, ஒரே பில், இரண்டு விகிதம்.

ஷூவுல மட்டும் 2,800 ரேஞ்சுல எதுவும் காட்ட மாட்டேங்கிறீங்க. 2,600-க்கு அப்புறம் 3,000-தான் வருது?

நல்ல கவனிப்பு. ஷூவுக்கு ஜோடி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. வரி முழு விலைக்கும் விழும், தாண்டிய ரூபாய்க்கு மட்டும் இல்லை. 2,500 ரூபாய் ஷூ வரியோடு 2,625. 2,501 ரூபாய் ஷூ வரியோடு 2,951. ஒரு ரூபாய் ஏறியதற்கு 326 ரூபாய் கூடுதல்.

அதனால் நடுவில் விலை வைப்பதால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. கம்பெனிகள் சோல் கொஞ்சம், மேல்துணி கொஞ்சம் குறைத்தாவது கோட்டுக்குள் அடக்கப் பார்க்கும். முடியாவிட்டால் ஒரேயடியாக மேலே போய்விடும். 2,900 சொச்சத்துக்கு ஒரு ஷூ பிடித்திருந்தால், அதே கம்பெனியின் 2,600 ரூபாய் ஷூவையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வித்தியாசத்தில் பெரும்பகுதி வரியாக இருக்கக்கூடும்.

ஜப்பான் ராக்கெட் அங்கே போய் வாங்கினா சல்லிசாமே?

இறக்குமதியாகும் ராக்கெட்டுக்குப் பொதுவாக சுங்கவரி உண்டு. 2018 பட்ஜெட்டில் அதை 10-லிருந்து 20 சதவீதமாக ஏற்றினார்கள். துறைமுகத்தில் 1,000 ரூபாய் மதிப்பு என்றால் சுங்கவரி 200, அந்த 200 மேல் சமூகநலக் கூடுதல் வரி 10 சதவீதம், 20 ரூபாய், ஆக 1,220. அதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 61. துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது 1,281. இறக்குமதியாளர், விநியோகஸ்தர், கடை என்று ஒவ்வொருவரும் தங்கள் சதவீதத்தை 1,000-க்கு மேல் போடுவதில்லை, வரி ஏறிய தொகைக்கு மேல்தான் போடுகிறார்கள். அதனால்தான் அந்த 220 ரூபாய் வரி உங்களிடம் வரும்போது 300, 350 ஆகியிருக்கும்.

யோனெக்ஸ் மாதிரி கம்பெனி 2016-ல் பெங்களூர் பக்கம் தொழிற்சாலை போட்டதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். இங்கேயே செய்யும் மாடல்களுக்கு இந்த ஏற்றம் இல்லை. உச்ச மாடல்கள்தான் இன்னும் வெளியிலிருந்து வருகின்றன.

எம்ஆர்பி 4,000 போட்டிருக்கு, நீங்க 2,600-க்கு தர்றீங்க. அப்ப எம்ஆர்பி பொய்தானே?

எம்ஆர்பி உச்சவரம்பு. அதற்கு மேல் விற்றால் சட்டப்படி குற்றம். கீழே எவ்வளவுக்கும் விற்கலாம். நாடு முழுக்க ஒரே அச்சு என்பதால், லாரி கடைசியாகப் போய்ச் சேரும் மலை ஊர்க் கடைக்கும், பெரிய மாலில் வாடகை கொடுக்கும் கடைக்கும் கட்டுப்படியாகும் தொகையைக் கம்பெனி போடுகிறது. அதோடு, தள்ளுபடி பார்த்தால்தான் மனசு நிறைகிற வாடிக்கையாளருக்காகவும் கொஞ்சம் ஏற்றி அச்சடிக்கிறது. இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் விவரம் தெரியாமல் ஸ்டிக்கர் விலை கொடுத்துப் போகிறவர்தான் நட்டப்படுகிறார்.

"40 சதவீதம் தள்ளுபடி" என்பதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டு கடையில் கடைசி விலை என்ன என்று மட்டும் கேளுங்கள்.

ஆன்லைன்ல உங்க கொள்முதலைவிடக் குறைவாக் கிடைக்குதே, எப்படி?

சில சமயம் உண்மையாகவே அப்படித்தான். கம்பெனி நேரடியாக ஆயிரக்கணக்கில் தள்ளும்போது விநியோகஸ்தரும் கடை வாடகையும் நடுவில் இல்லை. போன சீசன் மாடலைக் காலிசெய்யும்போது அடக்க விலைக்கே தருவார்கள். ஆன்லைனுக்கென்றே தனி மாடலும் செய்வார்கள். பெயர் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும், கிரேடு இறங்கியிருக்கும். போலி தனிக்கதை, ஷட்டிலிலும் ராக்கெட்டிலும் அது அதிகம்.

நைலான் ஷட்டில், டென்னிஸ் பந்து, கோன், ஸ்கிப்பிங் கயிறு எல்லாம் ஆன்லைனில் குறைவாகக் கிடைத்தால் அங்கேயே வாங்குங்கள். நானே அப்படிச் சொல்லி அனுப்புவது உண்டு. இங்கிலீஷ் வில்லோ பேட்டை மட்டும் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே கிரேடு, ஒரே எடை போட்ட இரண்டு பேட் கையில் எடுத்தால் ஒன்று பாரமாகவும் ஒன்று இலேசாகவும் இருக்கும்; எடை எங்கே இறங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

அப்ப நீங்களும் ஆன்லைன்ல விக்க வேண்டியதுதானே?

கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை, இடத்தையும் பார்ப்பார். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, வரும் எண்ணையும் தராசு எடையையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்குக் காசு வாங்குவார். 5-ம் நம்பர் ஃபுட்பால் 22 சென்டிமீட்டர் பெட்டியில் அடங்கும். 22-ஐ மூன்று முறை பெருக்கினால் 10,648. வகுத்தால் 2 கிலோவுக்கு மேல். பந்தின் உண்மை எடை 450 கிராம்கூட இல்லை. காற்றை இறக்கித்தான் ஃபுட்பால் வருகிறது என்று குறைப்படுகிறவர்களுக்கு இதுதான் காரணம். ஸ்டம்ப், பேட் எல்லாவற்றுக்கும் நீளத்தால் இதே அடி.

அதன்மேல் தளத்தின் கமிஷன். அப்புறம் ரிட்டன். ஒரே ஒரு பந்து அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பிய பேட்டில் சிவப்புக் கறை ஒட்டியிருக்கும். அதைப் புதுசு என்று யாரிடமும் விற்க முடியாது. முதல் பதிலில் ஒதுக்கிய 60 ரூபாய் அங்கே போதவே போதாது.

லெதர் பால் 250-க்கும் இருக்கு, 1,500-க்கும் இருக்கு. தைச்சதுதானே ரெண்டும்?

விலை உயர்ந்த பந்தில் நான்கு தோல் துண்டு, மலிவானதில் இரண்டு. உள்ளே கார்க்கைச் சுற்றி நூலை இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். மலிவான பந்தில் அச்சில் வார்த்த ஒற்றைக் கட்டி. தோலுக்கு ஒரே தடிமனில் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் கழிவு அதிகம். நடுத் தையல் ஆறு வரிசை. நம் நாட்டு நல்ல பந்தில் ஆறும் கையால் போட்டது. கடைசியில் எடை 155.9 கிராமுக்கும் 163 கிராமுக்கும் நடுவில் நிற்க வேண்டும். நிற்காதது கீழ்த்தரத்துக்கு இறங்கும், அந்த நட்டமும் நின்ற பந்தின் விலையில்தான் ஏறும்.

வலைப்பயிற்சிக்கு மலிவான ஸ்டிச் பால் போதும். முழு மேட்சுக்கு அதை எடுத்தால் பாதியில் உருண்டை போய்விடும், இன்னொன்று வாங்க வேண்டும். ஒரு ஓவருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் நடுத்தர விலைப் பந்துதான் சிக்கனம்.

கம்பெனி பேர் போட்டாலே மூணு மடங்கு. ஸ்டிக்கருக்கா காசு?

ஓரளவுக்கு ஆமாம். ஆட்டக்காரரின் பேட்டில் பெயர் ஒட்டுவது விளம்பரம். அதற்குக் கொடுக்கும் பணம் விலைக்குள் வரும். சென்னை எம்ஆர்எஃப் டயர் கம்பெனி, சச்சின் பேட்டில் பெயர் ஒட்டியபோது அந்தச் செலவைத் தாங்கியது டயர் வியாபாரம். பேட் மட்டுமே விற்கும் கம்பெனிக்கு அந்த வசதி இல்லை. பேட் வாங்குகிறவர்தான் தர வேண்டும்.

ஆனால் எல்லாமே ஸ்டிக்கர் இல்லை. 2014 ஃபுட்பால் உலகக் கோப்பைக்கான பிரசுக்கா பந்து சியால்கோட்டிலும் செய்யப்பட்டது. அதே ஊரில் மலிவுப் பந்தும் தைக்கிறார்கள். வித்தியாசம், எத்தனை பந்தைக் கழிக்கிறார்கள், ஃபிஃபா முத்திரைக்கு எத்தனை சோதனை கடக்கிறது, யார் தைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. சியால்கோட்டில் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து பந்து தைத்த விஷயம் உலகம் முழுக்க வெளிவந்த பிறகு, 1997-ல் அட்லாண்டா ஒப்பந்தம் போட்டு, தையலைக் கண்காணிக்கக்கூடிய கூடங்களுக்கு மாற்றினார்கள். கண்காணிப்புக்குச் செலவு உண்டு. அந்தச் செலவை விலையில் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பிள்ளை கையில் தைத்த மலிவுப் பந்தை நம் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

பில் வேண்டாம், குறைச்சுக் கொடுங்க.

மாட்டேன். விளையாட்டுப் பொருளில் இப்போது வரியே 5 சதவீதம்தான். பில் இல்லாவிட்டால் கைப்பிடி முதல் நாளே உடைந்தாலும் கம்பெனியிடம் மாற்ற முடியாது.

இன்னொரு விஷயம். சில சின்னக் கடைகள் தொகுப்பு வரித் திட்டத்தில் இருப்பார்கள்; ஆண்டு விற்பனை 1.5 கோடிக்குள் இருப்பவர்கள் விற்பனையில் 1 சதவீதம் கட்டும் முறை. அவர்கள் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி தனியாக வாங்கக் கூடாது. அப்படிப்பட்ட கடை பில்லில் 5 சதவீதம் சேர்த்திருந்தால் கேளுங்கள்.

கார்டுக்கு 2 சதவீதம் கேக்கிறாங்க, யுபிஐக்குக் கேக்கல. ஏன்?

கிரெடிட் கார்டில் வங்கி கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கிறது. யுபிஐ-யில் 2020 ஜனவரியிலிருந்து அந்தக் கட்டணம் இல்லை. முதல் கணக்கைப் பாருங்கள்: 2,100 ரூபாயில் 2 சதவீதம் 42, கையில் நிற்பதே 106.

டீமுக்குப் பதினோரு செட் எடுக்கிறோம். எவ்வளவு குறைப்பீங்க?

எவ்வளவு எண்ணிக்கை என்பதைவிட எப்படி வாங்குகிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் குறைப்பேன். முன்பணம் கொடுத்து, அளவு சொல்லி, பத்து நாள் பொறுத்தால் சரக்கு அலமாரியில் நிற்காமல் நேராக உங்களிடம் வருகிறது. வட்டி 84, தேங்கல் 60, வாடகையில் ஒரு பகுதி எல்லாம் எனக்கு மிச்சம். அதில் பெரும்பகுதியை உங்களுக்கே விட்டுக்கொடுக்க முடியும். 2,100 ரூபாய் பேட்டை 1,850-க்குத் தரலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பள்ளிகளுக்கும் கிளப்களுக்கும் கடனில் கொடுத்தால் பணம் வர மாதங்கள் ஆகும். ஆனால் ஜிஎஸ்டி, பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். வாங்கியவர் பணம் கொடுத்தாரா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. வரியையும் நானே முன்போட்டு, வட்டியும் கட்ட வேண்டும். அதனால் கடனுக்குக் கொட்டேஷன் கேட்டால் கடை விலையைவிடக் கூடுதலாகவே வரும். பள்ளிக்கூடத்துக்கு இப்படி ஆவது எனக்கு வருத்தம்தான். பி.டி. சார்கள் நிர்வாகத்திடம் இதை எடுத்துச் சொல்லலாம்: அன்றே பணம் கொடுத்தால் அதே தொகைக்கு இரண்டு வாலிபால் கூட வரும்.

எந்த மாசம் வாங்கினா விலை குறைவு?

மார்ச் முதல் மே வரை ஐபிஎல், கோடை விடுமுறை, கோச்சிங் கேம்ப் எல்லாம் சேர்ந்து வரும். அப்போது பேரம் படியாது. ஜூன், ஜூலையில் பள்ளி ஆர்டர். ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானம் காயாது, கடையும் காயும். கிரிக்கெட் சாமான் வாங்க அதுதான் நேரம். மழையில் வாங்கிய பேட்டுக்கு எண்ணெய் போட்டு, மரச்சுத்தியலால் தட்டிப் பதப்படுத்தி வைத்தால் தை மாதம் ஆட்டத்துக்குத் தயார்.

பழைய விலைக்கு வாங்கின சரக்கைப் புது விலைக்கு விக்கிறீங்களே, அது நியாயமா?

எனக்குக் கஷ்டமான கேள்வி இதுதான். வியாபாரக் கணக்குப்படி பதில் எளிது: இன்று ஒரு டப்பா ஷட்டில் விற்ற பணத்தில் நாளை ஒரு டப்பா வாங்க முடியவேண்டும். பழைய விலைக்கு விற்றால் பன்னிரண்டு டப்பா விற்ற பணத்துக்குப் பத்து டப்பாதான் வரும். கொஞ்ச நாளில் அலமாரி காலியாகும். ஆனால் இதே கணக்கை விலை இறங்கும்போதும் பின்பற்ற வேண்டும். ஏறும்போது அன்றே ஏற்றி, இறங்கும்போது "பழைய சரக்கு" என்று சொல்லும் கடை உங்களை ஏமாற்றுகிறது. 2025 செப்டம்பரில் உங்கள் ஊரில் எந்தக் கடை எந்த நாளில் குறைத்தது என்று யோசித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

என் கடையில் ஷட்டில், பந்து மாதிரி வேகமாகப் போகும் பொருளுக்கு ஏற்றமும் இறக்கமும் அன்றே. சின்ன அளவு பேட், காலில் கட்டும் பேடு, கிளவுஸ் மாதிரி பிள்ளைகள் சாமானுக்கு அந்த லாட் தீரும்வரை பழைய விலைதான். அவை எப்படியும் மெதுவாகப் போகிறவை. விலையை ஏற்றினால் இன்னும் ஆறு மாதம் நிற்கும், அந்த வட்டியைவிட இப்போதே ஒரு பையன் எடுத்துப்போய் ஆடுவது எனக்கும் லாபம்.